பழைய வீட்டின் வெக்கையும் மின்கட்டணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். பெரும்பாலும் 1970 முதல் 1995 வரை கட்டிய கான்கிரீட் வீடுகள். நடுவே மரக்கட்டை பாவிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளும் ஓட்டு வீடுகளும் வரும். பங்குனி பிறந்தால் தொலைபேசி ஓயாது. கேட்பவர்கள் வேறு வேறு, கேட்பது ஒன்றையே. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். விலைகள் நான் வேலை பார்த்த இடங்களில் கொடுத்தவை; உங்கள் ஊரில் சற்றுக் கூடலாம், குறையலாம்.

1. வீடு கட்டி நாற்பது வருடம் ஆகிறது. அப்போதெல்லாம் இவ்வளவு சூடு இல்லையே, இப்போது மட்டும் ஏன்?

அப்போது மேற்கே ஒரு வேப்பமரமோ புங்கமரமோ நின்றிருக்கும். பக்கத்து மனை காலியாக இருந்து காற்று வந்திருக்கும். மாடியில் பதித்த தளம் புதிதாக இருந்திருக்கும். இன்று மரம் இல்லை, பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது, தளம் பாசி பிடித்துக் கறுத்துவிட்டது. கறுத்த பரப்பு வெயிலை அப்படியே குடிக்கும்.

நம் ஊரில் வீட்டுக்குள் வெப்பம் நுழையும் பெரிய வாசல் கூரைதான். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் திருச்சிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. சுவரில் படுவதைவிட மாடியில் படும் வெயிலே அதிகம். போன சித்திரையில் உறையூரில் ஒரு மாடியில் மதியம் இரண்டு மணிக்கு வெப்பமானியை நீட்டிப் பார்த்தேன். வெறும் கான்கிரீட் 59 டிகிரி. மூன்றடி தள்ளி, அன்று காலை மாதிரிக்கு வெள்ளை அடித்துக் காய்ந்திருந்த பகுதி 43 டிகிரி. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் உடனே கக்குவதில்லை. இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கட்டிலில் படுத்தபின் கக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது.

2. கையில் ஐம்பதாயிரம்தான் இருக்கிறது. எதை முதலில் செய்வது?

ஒழுக்கும் துருவும் முதலில். கூரையில் நீர் இறங்கினாலோ, உள்கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். பிறகு மாடிக்கு வெள்ளை. அடுத்தது மேற்குச் சன்னலுக்கும் சுவருக்கும் நிழல். அதன்பின் மின்விசிறி. ஏசியும் சோலாரும் கடைசி. இந்த வரிசையைத்தான் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கொதிக்கும் கூரைக்குக் கீழே ஏசி மாட்டுகிறார்கள், கட்டணம் எகிறியதும் சோலார் விலை கேட்கிறார்கள்.

ஆயிரம் சதுர அடி மாடி, ஒழுக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். கழுவி, விரிசல் அடைத்து, வெப்பம் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட்டு அடிக்கச் சதுர அடிக்கு 25 முதல் 35 ரூபாய் ஆகிறது. அதிகம் ஓடும் இரண்டு மின்விசிறிகளை மாற்ற 6,000. மிச்சத்தில் மேற்குப் பக்கம் மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டலாம். ஐம்பதாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

3. வெறும் சுண்ணாம்பு அடித்தால் போதாதா, தம்பி? ஆயிரக்கணக்கில் பெயின்ட் எதற்கு?

போதும் அம்மா. ஆண்டுதோறும் அடிக்க ஆள் இருந்தால் சுண்ணாம்பே போதும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு தன் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் போட்டுக் கொதித்தடங்க விட்டு, மறுநாள் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை கலந்து, மாடியை நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். உலர்ந்த தளத்தில் அடித்தால் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும். சதுர அடிக்கு மூன்று, நான்கு ரூபாய்க்கு மேல் ஆகாது.

ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும் என்பதுதான் அதன் குறை. அதனால் மாசிக் கடைசியில் அடித்தால் கோடை முழுக்க நிற்கும். பெயின்ட் மூன்று முதல் ஐந்து ஆண்டு தாங்கும். ஆனால் அதுவும் தூசி படிந்தால் வேலை செய்யாது. கோடைக்கு முன் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். வாங்கும்போது டப்பாவில், வெயிலைத் திருப்பும் திறனைக் காட்டும் எஸ்.ஆர்.ஐ. எண் 100-க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாக இருக்கிறது என்பதற்காகச் சுவர்ப் பெயின்ட்டை மாடியில் அடிக்காதீர்கள். ஒரு மழையில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும்.

உள்ளே எவ்வளவு குறையும் என்பது அடுத்த கேள்வியாக வரும். ஏசி இல்லாத மேல்மாடி அறையில் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையும் என்று எதிர்பார்க்கலாம். காலடியில் தெரியும் வித்தியாசம் இன்னும் பெரிது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பாட்டி, வெள்ளை அடித்த மறுநாள் மதியம் துணி காயப்போடச் செருப்பில்லாமல் மாடி ஏறினார். எனக்கு அந்த வேலையின் பலனைக் காட்ட அதற்குமேல் கருவி தேவைப்படவில்லை. தெலங்கானா அரசு 2023-இல் குளிர் கூரைக்கென்றே ஐந்தாண்டுக் கொள்கை வெளியிட்டது. இந்த எளிய வேலையின் மதிப்பை ஓர் அரசு உணர்ந்து எழுத்தில் கொண்டுவந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

4. பக்கத்து வீட்டுக்குக் கண் கூசுமே?

உயர்ந்த மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கூசும். பளபளப்பில்லாத மங்கல் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் பெரிய தொல்லை இராது. வெளிர் நிறக் கூலிங் டைல்ஸும் உண்டு. வெள்ளையைவிடச் சற்றுக் குறைவாகத் திருப்பும்.

5. அந்தக் காலத்துத் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த தளம் இருக்கிறது. அதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா? மேலேயே இன்னொரு தளம் போட்டுவிடலாமா?

தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று பொள்ளல் சத்தம் வராத இடத்தைத் தொடவே வேண்டாம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம் அது. வெப்பத்தையும் நீரையும் ஒருசேரத் தடுக்கும் அந்த வேலையை இன்று அதே தரத்தில் செய்து கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. பொள்ளலான ஓடுகளை மட்டும் மாற்றி, இணைப்புகளை அடைத்து, அதன்மேல் வெள்ளை அடியுங்கள். சிவப்பு ஓடு வெயிலை நிறையக் குடிக்கும். வெள்ளை அடித்தால் அதே தளம் இரட்டிப்பாகப் பலன் தரும்.

மேலேயே இன்னொரு தளம் மட்டும் வேண்டாம். மூன்று அங்குல ஜல்லித் தளம் ஆயிரம் சதுர அடிக்கு ஏறக்குறைய 13 டன் கனக்கும். நாற்பது வயதான கூரையின் தலையில் அதை இன்னொரு முறை ஏற்றக் கூடாது. பெயர்ப்பதானால் முழுக்கப் பெயர்த்துவிட்டுப் போடுங்கள். பெயர்த்த சமயத்தில் இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகையை (வெப்பம் தடுக்கும் நுரைப் பலகை) அடியில் வைத்துவிட்டால் கனமும் ஏறாது, வெப்பமும் நன்றாகத் தடுபடும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் புது வீடுகளுக்காக 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரையில் ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் கடக்கக் கூடாது என்கிறது. பழைய வெறும் கான்கிரீட் தளம் 3 வாட்டுக்கு மேல் கடத்தும். இந்தப் பலகை வைத்தால் 1 வாட்டுக்குக் கீழே வந்துவிடும்.

செலவு அதிகம். பெயர்ப்பு, பலகை, தளம் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 200 ரூபாயைத் தாண்டிவிடும். வெப்பத்துக்காக மட்டும் என்றால் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஒழுக்குக்காக எப்படியும் பெயர்க்க வேண்டியிருந்தால் அந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்.

6. உள்ளே பால்ஸ் சீலிங் போட்டு மேலே தெர்மாகோல் வைத்தால் மலிவாக முடியாதா?

அறைக்குள் கொஞ்சம் குறையும். ஆனால் கான்கிரீட் பகலில் கொதித்து இரவில் ஆறிக்கொண்டுதான் இருக்கும். விரிந்து சுருங்கி விரிசல் வளரும். வெப்பத்தை மேலேயே நிறுத்துவதுதான் கூரைக்கும் நல்லது. ஏற்கெனவே தாழ்ந்த கூரை என்றால் இன்னும் ஓரடி இறங்கி, மின்விசிறி தலையில் இடிக்கும் உயரத்துக்கு வந்துவிடும்.

நான் இதை வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணம் உண்டு. ஒரு வீட்டில் விளக்கு மாற்றுவதற்காகச் சீலிங்கில் ஒரு சதுரத்தைக் கழற்றினோம். உள்ளே கை விட்டால் உள்ளங்கை அளவு கான்கிரீட் பாளங்கள் நான்கைந்து சீலிங்கின் மேல் கிடந்தன. மேலே கம்பி துருவேறி இலை இலையாகப் பிரிந்திருந்தது. அதற்கு நேர் கீழே கட்டிலில் ஒரு குழந்தை படுத்திருந்தது. பழைய கூரையை மறைக்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

7. வெளிநாட்டு வீடியோக்களில் இரட்டைக் கண்ணாடிச் சன்னல், இடுக்கெல்லாம் அடைப்பது என்று காட்டுகிறார்களே?

ஐரோப்பாவில் வீட்டுக்குள் மூட்டிய சூடு வெளியே போகாமல் காப்பதுதான் வேலை. அதனால் சுவருக்குப் போர்வை போர்த்துகிறார்கள், இடுக்கை அடைக்கிறார்கள். நமக்கு வெளிச் சூடு உள்ளே வராமலும், உள்ளே தங்கியது இரவில் வெளியேறவும் வேண்டும். ஏசி இல்லாத வீட்டில் இடுக்கை அடைத்தால் புழுங்கிச் சாவோம்.

சன்னலுக்கு வெளியே நிழல் கொடுங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபின் திரை போட்டுப் பயன் குறைவு. அந்தச் சூடு அறைக்குள் நுழைந்தாகிவிட்டது. மாலை வெயில் சாய்ந்து வருவதால் மேற்குச் சன்னலுக்குச் சன்ஷேடு மட்டும் போதாது. செங்குத்தாகத் தொங்கும் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, கொடிப்பந்தல் எல்லாம் நன்றாக வேலை செய்யும். அந்தக் காலத்து வீடுகளில் சன்னலுக்கு மேலே சிறு திறப்பு விட்டிருப்பார்கள். கொசு வருகிறது என்று பலர் அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வலை அடித்துத் திறந்துவிடுங்கள்; கூரையடியில் தேங்கும் சூடு அதன் வழியேதான் போகும்.

8. பி.எல்.டி.சி. மின்விசிறி உண்மையிலேயே மிச்சம் பிடிக்குமா?

பிடிக்கும். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், எலக்ட்ரானிக் பலகையால் இயங்கும் மோட்டார் வைத்த இது 30 வாட் அளவில் ஓடும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். ஒன்றின் விலை ஏறக்குறைய 3,000. மாற்றியபின் பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அது இருந்தால் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் பலகை சீக்கிரம் பழுதாகும். நாளெல்லாம் ஓடும் விசிறியை மட்டும் மாற்றினால் போதும். விருந்தாளி அறை விசிறி அப்படியே இருக்கட்டும்.

9. போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்ப வரும்? அதை மட்டும் நேராகச் சொல்லுங்கள், சார்.

மின்கட்டணத்தில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பலர் மொத்தக் கட்டணத்தை யூனிட்டால் வகுத்துச் சராசரி பார்க்கிறார்கள். அது தவறான கணக்கு. நீங்கள் மிச்சம் பிடிப்பது எப்போதும் கடைசி யூனிட்டை; அதுதான் விலை கூடிய யூனிட். 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி இரண்டு மாதத்தில் 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65, ஆயிரத்துக்கு மேல் 11.80.

620 யூனிட் ஓடும் ஒரு வீடு 490-க்கு இறங்குகிறது என்று பாருங்கள். குறைந்தது 130 யூனிட். ஆனால் மிச்சம் 1,100 ரூபாய்க்கு மேல். அதோடு, 500-க்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குத் தரும் சலுகை விலையும் திரும்பக் கிடைக்கும். இந்த வீட்டில் மூன்று விசிறி மாற்றினால் ஒன்றரை ஆண்டில் பணம் திரும்பிவிடும். வெள்ளைக் கூரையும் நிழலும் சேர்ந்தால் நான்கைந்து ஆண்டு ஆகும், அதுவும் மேல்மாடியில் ஏசி ஓடினால். எக்ஸ்.பி.எஸ். பலகைத் தளத்துக்கு மின்கட்டணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பத்தாண்டிலும் முழுப் பணம் வராது.

10. எங்கள் வீட்டில் நூறு யூனிட்டைத் தாண்டுவதே இல்லை. எங்களுக்கு இதில் என்ன லாபம்?

மின்கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. முதல் நூறு யூனிட் இலவசம் என்பதால் அதற்குள் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் பணமாக வராது. மேலே சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. விசிறி மாற்ற வேண்டாம், சோலார் வேண்டாம்.

ஆனால் நான் முதலில் போக விரும்புவது உங்களைப் போன்ற வீடுகளுக்குத்தான். ஒரே அறை, ஒரே விசிறி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் அல்லது மெல்லிய கான்கிரீட். அங்கே வெக்கை தாங்காமல் பெரியவர்கள் இரவெல்லாம் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு வேர்க்குரு அடங்குவதில்லை. வேலைக்குப் போகிறவர் தூக்கம் கெட்டு மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்கிறார். மலிவான சுண்ணாம்பு அங்கே தரும் நிம்மதியை எந்த மின் அட்டையிலும் எழுத முடியாது. மூன்றாம் கேள்வியில் சொன்ன முறையில் குடும்பத்தோடு ஒரு காலைப்பொழுதில் அடித்துவிடலாம். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதைத் தேய்க்கவோ துளைக்கவோ கூடாது, மேலே ஏறி மிதிக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து, சாரத்தில் நின்று அடியுங்கள்.

11. பன்னிரண்டு வருட ஏசியை மாற்றலாமா?

ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல், இரவு முழுக்க ஓடுகிறது என்றால் மாற்றலாம். எப்போதாவது ஓடுகிறது என்றால் அந்தப் பணத்தைக் கூரையில் போடுங்கள். கூரை குளிர்ந்தபின் வாங்கினால் ஒன்றரை டன் இருந்த அறைக்குப் பெரும்பாலும் ஒரு டன்னே போதுமானதாகிவிடும். நட்சத்திரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கியபோது அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்தவை நான்காக இறங்கின. லேபிளில் உள்ள ஆண்டையும், மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர் தரும் என்று காட்டும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் ஒப்பிடுங்கள்.

எந்த ஏசியானாலும் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 26-இல் வைத்து விசிறியை மெதுவாக ஓட விட்டால் நன்றாகத் தூங்கலாம். பழைய வீட்டில் ஏசிக்கு முன்னால் வயரிங்கைப் பாருங்கள். 1980-களின் மெல்லிய அலுமினிய வயரில் ஏசி இணைத்து, சுவிட்ச் பலகை உருகி நாறிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். இது செலவுக் கணக்கே அல்ல, உயிர்க் கணக்கு.

12. சோலார் போட்டுவிட்டால் இதெல்லாம் தேவையே இல்லையே?

சோலார் மின்கட்டணத்தைக் குறைக்கும், பேனல் நிழல் விழும் இடத்தில் கூரைச் சூடும் குறையும். மற்ற இடத்தில் அறை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நம் ஊரில் 1 கிலோவாட் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும்.

ஒன்பதாம் கேள்வியின் வீட்டையே எடுங்கள். 620 யூனிட்டில் நின்றபோது 3 கிலோவாட் கேட்டார்கள். 490-க்கு இறங்கியபின் இலவச நூறு போக 390 யூனிட். 2 கிலோவாட்டே தாராளம். அதனால்தான் கடைசியில் போடச் சொல்கிறேன். பேனல் இருபத்தைந்து ஆண்டு நிற்கும். ஒழுகும் கூரையில் மாட்டிவிட்டு அடியில் எப்படிப் பழுது பார்ப்பது? கால்களைக் கூரையில் துளையிட்டு இறுக்க விடாதீர்கள், கான்கிரீட் பீடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண சோலார் மின்தடையின்போது ஓடாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

13. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், மரக்கட்டைக் கூரை. இதற்கும் இதேதானா?

அந்த வீட்டில் செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாததுதான் அதிகம். ஒன்றரை அடிச் சுவரும், உத்திரங்களின் மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வரிசையாகப் பாவிய கூரையும், முற்றமும் ஏற்கெனவே வெப்பத்தைச் சமாளிக்கக் கட்டியவை. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே ஏறும் ஓதம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கி, இரண்டு மழைக்குள் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். சுண்ணாம்பால் பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். முற்றத்தைப் பாலிகார்பனேட் தகட்டால் மூடாதீர்கள். மூடினால் வீட்டின் மூக்கைப் பொத்தியதாகும். மழைச்சாரல் தொந்தரவு என்றால் காற்றுப் போக நான்கு பக்கமும் இரண்டடி உயர்த்திக் கூரை போடலாம். உத்திரத்தில் கரையானும் உளுப்பும் இருக்கிறதா என்று ஆண்டுக்கொருமுறை ஆணியால் குத்திப் பாருங்கள்.

14. அடுக்ககத்தில் மேல்மாடியில் இருக்கிறோம். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. நாங்கள் மட்டும் ஏன் செலவழிக்க வேண்டும்?

நீங்கள் மட்டும் செலவழிக்க வேண்டியதில்லை. வெப்பம் என்று சொல்லிக் கேட்டால் கீழ்த்தளத்தார் காது கொடுக்க மாட்டார்கள். கட்டடத்தின் ஆயுள் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். கூரை விரிந்து சுருங்குவது குறைந்தால் விரிசலும் ஒழுக்கும் குறையும். ஒழுக்குத் தடுப்பு எப்படியும் பொதுச் செலவு. மேல்பூச்சு வெள்ளையாக இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டால் கூடுதல் செலவு சொற்பம். பொது விளக்கு, மோட்டார், லிஃப்டுக்கான சோலாருக்குச் சங்கங்களுக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

15. வாடகை வீடு. வீட்டுக்காரர் காசு போட மாட்டார், நாங்கள் ஏன் போட வேண்டும்?

எடுத்துக்கொண்டு போகக்கூடியதை நீங்கள் போடுங்கள்: விசிறி, தட்டி, வலை. கழற்றிய பழைய விசிறியைப் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது திரும்ப மாட்டுங்கள். சுண்ணாம்புக்கு ஆகும் மூவாயிரத்தை ஒரு மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதமா என்று கேளுங்கள். நான் பார்த்தவரை பாதிப் பேர் சம்மதிக்கிறார்கள். எழுதி வாங்கிக்கொண்டு அடியுங்கள்.

16. இவ்வளவு மெனக்கெடுவதற்கு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?

தூண், உத்திரம், அடித்தளம் தளர்ந்து, கம்பி துருவேறியிருந்தால் இடிக்கத்தான் வேண்டும். அதை ஒரு கட்டுமானப் பொறியாளர் சுத்தியலும் கருவியும் வைத்துச் சோதித்துச் சொல்ல வேண்டும். இடித்துக் கட்டிக்கொடுப்பவரே சொல்லக் கூடாது. எலும்பு நன்றாக இருக்கும் வீட்டை வெக்கைக்காக இடிப்பது எனக்கு மனம் ஒப்பாத வேலை. அந்தச் சுவரின் ஒவ்வொரு செங்கல்லையும் ஒரு சூளை எரித்திருக்கிறது. புதிய சிமெண்ட்டுக்கும் கம்பிக்கும் மறுபடி அத்தனை எரிபொருள் எரிய வேண்டும். புதிய வீடும் வெறும் கான்கிரீட் கூரையோடும் மேற்கே பெரிய கண்ணாடியோடும் கட்டினால் பழையதைவிட அதிகமாகக் கொதிக்கும்.

17. நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தோம். பில் குறையவே இல்லையே?

இப்படிக் கேட்டவர்களில் மூன்று வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தேன். முதல் வீட்டில், அறை சீக்கிரம் குளிர்கிறது என்று ஏசியைக் கூடுதல் நேரம் ஓட்டினார்கள். அது வீண் இல்லை, மின்சாரத்துக்குப் பதில் சுகமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ரப்பர் பிய்ந்து இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வீட்டில் மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் குழாயில் கசிவு. மோட்டார் நாளுக்கு நான்கு முறை ஓடியது.

படுக்கப்போகும் முன் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுந்ததும் மறுபடி குறியுங்கள். மறுநாள் ஏசியை அணைத்துவிட்டு அதையே செய்யுங்கள். ஏசி இல்லாத இரவில் நான்கு விசிறியும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து இரண்டரை யூனிட்டைத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறது. ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே வாருங்கள், அகப்பட்டுவிடும்.